குமரிக்கு ஏற்ற அடுக்கு எது? எல்இடி பண்ணையும் மழைமறைப்பும் காளான் அறையும் தென்னந்தோப்பும்

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் இப்போது ஒரே கேள்வி இருக்கிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு, வீட்டைச் சுற்றிப் பத்து இருபது சென்ட் நிலம். ஏசி அறைக்குள் மண்ணே இல்லாமல் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கும் பண்ணைகளை அங்கே பார்த்திருக்கிறார்கள், அல்லது கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதையே நாகர்கோவிலில் செய்தால் என்ன? என் அக்காள் மகன் கேட்டதும் இதுதான்: “பாலைவனத்திலேயே முடிகிறது மாமா. இரண்டு பருவமழை பெய்யும் நம் ஊரில் முடியாதா?”

அவனுக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் மூடிய பண்ணை நமக்கு வேண்டாம். அந்தப் பணத்தை மழைமறைப்புக்குள் (மேலே மட்டும் பாலிதீன் கூரை போட்ட பந்தல்) காய்கறி, ஓர் அறையில் காளான், தென்னைக்கு அடியில் பல அடுக்குப் பயிர் என்ற மூன்றில் போடலாம். நான்காவது வழியான மண்ணில்லாச் சாகுபடியைப் பழகிப் பார்க்கலாம். கடன் வாங்கிச் செய்யக் கூடாது.

பாலைவனத்தில் முடிகிறது என்றானே, அதற்குக் காரணமே அது பாலைவனம் என்பதுதான். துபாயில் 2022-ல் திறக்கப்பட்ட புஸ்தானிகா என்ற பண்ணை 3,30,000 சதுர அடிப் பரப்புள்ளது. ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ இலைக்கறி விளைவிக்கும் திட்டத்துடன் கட்டப்பட்டது. எமிரேட்ஸ் விமானங்களில் பயணிகளுக்குத் தரும் சாலட் இலை அங்கிருந்து போகிறது. அது இல்லாவிட்டால் அந்த இலை குளிர்ப்பெட்டியில் கண்டம் தாண்டி வர வேண்டும். அந்த விலையோடு போட்டி போடுவதால்தான் விளக்குக் கீரை அங்கே நிற்கிறது. நம் ஊரில் அது போட்டி போட வேண்டியது, காலையில் பறித்துக் கூடையில் வடசேரி சந்தைக்கு வந்து இறங்கும் தண்டுக்கீரைக் கட்டோடு.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர் 1999-ல் தம் மாணவர்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்த எண்ணம் இது: நகரத்தின் உணவை நகரத்துக்குள்ளேயே, மாடி மாடியாக, பூச்சிமருந்து இல்லாமல், மிகக் குறைந்த தண்ணீரில் விளைவிப்பது. நல்ல எண்ணம்தான். தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவதால் வயலுக்குச் செலவாகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதும் உண்மை. இடறியது மின்சாரத்தில். ஜெர்மனியின் அடுக்குப் பண்ணை நிறுவனமான இன்ஃபார்ம் 2022 நவம்பரில் ஏறக்குறைய 500 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டது. பவரி 2024 நவம்பரில் கதவை மூடியது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. கோடிக்கணக்கான டாலர் முதலீடும் தேர்ந்த பொறியாளர்களும் இருந்த நிறுவனங்கள் இவை. நிலமே இல்லாத சிங்கப்பூர்கூட, 2030-க்குள் தன் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று 2019-ல் வைத்த இலக்கை 2025-ல் விட்டுவிட்டு 2035-க்கு வேறு இலக்குகளை வைத்துக்கொண்டது.

நம் கணக்குக்கு வருவோம். 2021-ல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி மூடிய அடுக்குப் பண்ணைகளில் ஒரு கிலோ விளைச்சலுக்குச் சராசரியாக 38.8 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கண்ணாடி, பாலிதீன் கூடாரங்களில் 5.4 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கிலோ கீரையின் மின்கட்டணம் மட்டும் 310 ரூபாய். திறமையாக நடத்தி மின்செலவைக் கிலோவுக்குப் பத்து யூனிட்டாகக் குறைத்தாலும் 80 ரூபாய். விதை, உரம், கூலி, கட்டடக் கடன், வீணாகும் இலை எல்லாம் அதற்கு மேல்.

“முப்பந்தலில் அத்தனை காற்றாலை சுற்றுகிறதே” என்பார்கள். அந்த மின்சாரம் மின்வாரியத்தின் பொதுக் கம்பிக்குப் போகிறது. காற்றாலைக்குப் பக்கத்து ஊர் என்பதற்காக யாருக்கும் கட்டணம் குறைவதில்லை. காற்றும் தென்மேற்குப் பருவத்தில் வீசுவதுபோல ஆண்டு முழுவதும் வீசாது. கீரைக்கோ ஆண்டு முழுவதும் விளக்கு வேண்டும். சூரிய பலகை போட்டுக்கொள்ளலாமா? ஒரு சதுர மீட்டர் கீரைத் தட்டுக்கு 65 வாட் எல்இடி, நாளுக்கு 16 மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும், அதற்கு ஐந்து சதுர மீட்டர் இடம் வேண்டும். ஆக, ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு ஒன்றேகால் சதுர மீட்டருக்கும் மேல் பலகை. பத்துத் தட்டை அடுக்கினால் பதின்மூன்று சதுர மீட்டர். இது விளக்குக்கு மட்டும்தான். செடிகள் வெளிவிடும் ஈரத்தை இழுத்து வெளியேற்றும் ஏசி தனி. நம் கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் ஜன்னலைத் திறந்து வைத்தும் தப்பிக்க முடியாது. நிலத்தை மிச்சப்படுத்த அடுக்கிய பண்ணை, கடைசியில் தன்னைவிடப் பெரிய நிலத்தைப் பலகைக்குக் கேட்கிறது. அந்த வெயில் நேராகச் செடியின் மேல் விழுந்திருந்தால் காசு எதுவும் ஆகியிருக்காது.

நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். குமரிக் கல்யாணச் சாப்பாட்டில் அவியல், எரிசேரி, துவரன், பச்சடி என்று வரிசையாக வரும். அவியலுக்கு வாழைக்காய், சேனை, தடியங்காய், வழுதலங்காய், சீனியவரை, முருங்கைக்காய், தேங்காய். இவற்றில் ஒன்றைக்கூட எல்இடி தட்டில் லாபமாக விளைவிக்க முடியாது. அங்கே வருவது லெட்டூஸ், துளசி வகைகள், முளைக்கீரை, கொஞ்சம் மல்லித்தழை. நெல், கோதுமை பற்றிக் கேட்கவே வேண்டாம்: பத்தடுக்குக் கட்டடத்தில் கோதுமை விளைவித்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 700 முதல் 1,940 டன் வரை கிடைக்கலாம் என்று 2020-ல் கணித்த ஆய்வாளர்களே, மின்செலவால் அது கட்டுப்படியாகாது என்றும் எழுதினார்கள்.

விளக்கும் தட்டும் பயன்படும் ஓர் இடம் உண்டு. வாழைத் திசு வளர்ப்புக் கன்றுகளை ஆய்வுக்கூடத்தில் அடுக்குத் தட்டுகளில்தான் வளர்க்கிறார்கள். சின்ன இடத்தில் ஆயிரக்கணக்கான கன்று, கன்றுக்கு நல்ல விலை. அதனால் மின்கட்டணம் தாங்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைக்கும், செவ்வாழைக்கும் நோயில்லாத கன்று என்றைக்கும் தேவை. ஆனால் அது ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்றவர்களின் தொழில். அந்தப் படிப்பு படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் யோசிக்கலாம்.

அடுத்தது மண்ணில்லாச் சாகுபடி, வெயிலிலேயே. பிளாஸ்டிக் குழாயில் துளை போட்டு, சத்துக்கரைசலை மெல்லிய ஓடையாக ஓடவிட்டு வளர்ப்பது. படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். நாகர்கோவிலில் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் ஏப்ரல் மாத மதியம் அந்தக் குழாயில் கைவிரலை விட்டுப் பார்த்தேன். குளிக்க வைத்த வெந்நீர்போல இருந்தது. செடியை மெல்லத் தூக்கினால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்தது, சாக்கடை நாற்றத்துடன். கரைசல் 28 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீரில் உயிர்வளி குறைகிறது, வேரழுகல் பூஞ்சை பெருகுகிறது. இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் காலையில் போய் மாலையில் வரும் நாள். மோட்டார் நின்றால் மெல்லிய ஓடையில் தொங்கும் வேர் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது மிதவை முறை: ஓரடி ஆழத் தொட்டியில் கரைசலை நிரப்பி, தெர்மாகோல் பலகையில் செடியை மிதக்கவிடுவது. ஆழத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அரை நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் செடி சாகாது.

தண்ணீரின் தரம் இன்னொரு சிக்கல். கடலோர ஊர்களில் பல கிணறுகள் உவர்ப்பேறிவிட்டன. கரைசலைச் சுழற்றச் சுழற்ற உப்பு சேர்ந்துகொண்டே போகும். இதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த மருந்து மழைநீர். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்றால் 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். அதில் பாதியைப் பிடித்து வைத்தாலே போதும். மண்ணில்லாச் சாகுபடியில் இறங்குகிறவர்கள் குழாய்க்குக் காசு கொடுக்கும் முன் மழைநீர்த் தொட்டி கட்டட்டும்.

இனி, என் மனதுக்கு மிகவும் பிடித்த வழிக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் காய்கறிக்கு எது குறை? வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது. குறை, மழை இரண்டு முறை வந்து செடியை அழுக வைப்பதுதான். ஜூன் தொடங்கித் தென்மேற்கு, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு. அந்த மாதங்களில் மண் நீர் கோத்து, மிளகாய்ப் பூ உதிர்ந்து, தக்காளி வெடித்து, கீரைத்தண்டு கறுத்துப்போகும். விலை ஏறுவதும் அப்போதுதான். நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் வெளியூர் லாரியை எதிர்பார்த்து நிற்பதும் அப்போதுதான். இதற்கு விடை ஏசி அறை அல்ல, தலைக்கு மேல் ஒரு பாலிதீன் கூரை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். இரும்புக் குழாயிலோ மூங்கிலிலோ கட்டிய சட்டம், அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் ஷீட், பக்கங்கள் திறந்தே இருக்கும். காற்று தாராளமாக வருவதால் உள்ளே புழுங்காது. மழை மட்டும் செடி மேல் விழாது. அடியில் மேட்டுப்பாத்தி, சொட்டுநீர். வெண்டை, மிளகாய், தக்காளி, நீளப் பயறு, எல்லாக் கீரையும் மழைக்காலத்திலும் விளையும். ஷீட்டை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். சட்டம் அப்படியே நிற்கும்.

பலரும் இதற்குப் பதிலாகப் பச்சை நிழல்வலையைக் கட்டிவிடுகிறார்கள், மானியம் கிடைக்கிறது என்பதற்காக. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மழைக்கு அது தப்பான கருவி. மழையை உள்ளே விடும், மேகமூட்டத்தில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்திலும் பாதியைத் தடுக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கதை வேறு. அங்கே மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். நிழல்வலை அங்கே உதவும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எந்தக் கூரையையும் பிய்த்து எறியக்கூடியது. உயரத்தைக் குறைத்து, காற்று வரும் பக்கம் மரவேலி வைத்து, ஷீட்டை அவசரத்துக்குக் கழற்றிச் சுருட்டும்படி கட்ட வேண்டும். 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டம் மறக்காது. ஒக்கிப் புயல் வீசியபோது வாழையும் ரப்பரும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மழைமறைப்பு என்றால் ஷீட் கிழியும், ஒரு போகம் போகும். மூடிய பண்ணை என்றால் அந்த இருட்டில் உள்ளே இருப்பது மொத்தமும் அழுகிவிடும், கடன் தவணை மட்டும் நிற்காது.

மாடித் தோட்டத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. பையில் தென்னைநார்க் கழிவும் உரமும் நிரப்பி வீட்டுக்கு வேண்டிய கீரை, மிளகாய், பாகல் எடுக்கலாம். தோட்டக்கலைத் துறையும் அதற்கான தொகுப்பை மானிய விலையில் கொடுத்திருக்கிறது. சோவியத் யூனியன் விழுந்த பின் 1990-களில் ஹவானா நகரம் காலி மனைகளில் காய்கறி போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்பதால் இதை விளையாட்டு என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் தொழிலாக எண்ணிப் பணம் போடுகிறவருக்கு இது வழி அல்ல.

அடுக்கித்தான் வளர்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குக் காளான் இருக்கிறது. வெளிச்சமே அதிகம் கேட்காத பயிர். எல்இடி பண்ணையின் பெருஞ்செலவு எதுவோ அது இதற்கு வேண்டாம். சிப்பிக்காளானுக்கு 80 முதல் 90 விழுக்காடு காற்று ஈரம் வேண்டும். மற்ற மாவட்டங்களில் அதற்காகச் சணல்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நம் ஜூன், ஜூலையில் அந்த வேலை பாதி குறைந்துவிடும்.

செய்முறை எளிது, சுத்தம்தான் கடினம். வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் சொட்டு விழக் கூடாது. அந்தப் பதம் தப்பினால் நான்காம் நாளே பச்சைப் பூசணம் வந்து உட்கார்ந்துவிடும். பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு வித்து என்று நிரப்பி, துளையிட்டு, உறி கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஓர் உறியில் நான்கைந்து படுக்கை ஒன்றின் கீழ் ஒன்றாக. பதினைந்து இருபது நாளில் பை முழுவதும் வெள்ளையாக இழை பரவும். அதன் பிறகு துளைகளில் குண்டூசித் தலைபோல மொட்டு எழும்பி, மூன்றே நாளில் கைவிரிக்கும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் எடுக்கலாம். கோடையில் சிப்பிக்காளான் சுணங்கும். அப்போது 30 டிகிரிக்கு மேலும் தாங்கும் பால் காளானுக்கு மாறிக்கொள்ளலாம். பயிற்சிக்குத் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள். குடியிருக்கும் அறையில் மட்டும் இதை வைக்காதீர்கள். காளான் வித்துத்தூள் மூச்சுக்கு ஆகாது. தனிக் கொட்டகை வேண்டும், அறுவடையின்போது முகமூடி வேண்டும்.

நான் சொன்ன மூன்றாவது வழி ஏற்கெனவே நம் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், நிற்கிறது. தென்னையின் வேர் பெரும்பாலும் தூரிலிருந்து இரண்டு மீட்டருக்குள்தான். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் நிலத்தின் முக்கால் பங்கை அந்த வேர் தொடுவதே இல்லை. இருபத்தைந்து வயது தாண்டிய தோப்பில் ஓலைகளுக்கு இடையே வெயிலும் நன்றாக இறங்கும். மேலே தேங்காய், மரத்தில் படர்ந்த நல்லமிளகு, நடுவில் வாழை, அதற்கும் கீழே சேனை, சேம்பு, காய்ச்சில், மஞ்சள், இஞ்சி. மலையடிவாரத்தில் என்றால் கிராம்பும் சேரும். நம் பாட்டன்மார் விளைகளில் வைத்திருந்தது இதைத்தான். விளக்கில்லாத, மோட்டாரில்லாத, ஐந்தடுக்குப் பண்ணை. ரப்பர் வந்து அதில் பெரும்பகுதியை ஒற்றைப் பயிராக்கிவிட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால் எந்த நிழலுக்கு எந்தப் பயிர் என்று சொல்வார்கள். இதில் பணம் மெதுவாகத்தான் வரும். மிளகு காய்க்க மூன்று ஆண்டு ஆகும். ஆனால் சேனையும் மஞ்சளும் முதல் ஆண்டே வரும், சாய்ந்தாலும் எல்லாம் ஒன்றாகச் சாயாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த எந்த வழியும் நெல்லுக்கு மாற்று அல்ல. நம் மாவட்டத்து நாஞ்சில் நாடு அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமாக இருந்தும், 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் முழுவதும் பசி பரவியது. மரச்சீனிக் கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது. தொலைதூர உணவை நம்பியிருப்பதன் விலையை நம் தாத்தா தலைமுறை அறியும். இன்றைக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்கள் மண் கொட்டி மனைகளாகின்றன. நகரம் வளர்கிறது, இனி உணவைக் கட்டடத்துக்குள் விளைவித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை நான் அஞ்சுகிறேன். வயலை நிரப்புவதற்கு அது ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. கேரளம் 2008-ல் நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதைப்போன்ற காவல் நாஞ்சில் வயலுக்கும் வேண்டும். காளானுக்கான வைக்கோல்கூட அந்த வயலிலிருந்துதான் வர வேண்டும்.

பத்து சென்ட் நிலமும் சேமிப்பும் உள்ளவருக்கு நான் சொல்லும் வரிசை இது. கும்பப்பூ அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும்போது ஓராண்டுக்கானதை வாங்கி நனையாமல் அடுக்குங்கள். மே மாதத்துக்குள் இரண்டு சென்ட்டில் மழைமறைப்பையும் அதன் கூரைத் தண்ணீருக்கான தொட்டியையும் முடியுங்கள். ஜூனில் மழை இறங்கிவிட்டால் குழி தோண்டவே முடியாது. தென்னையடியில் சேனையை அந்தக் கோடை மழையிலேயே நட்டுவிடுங்கள். காளான் கொட்டகையைச் சின்னதாகத் தொடங்கி, முதல் படுக்கை தொங்கவிடும் முன்பே வாங்குபவர்களைப் பேசி வையுங்கள்: பக்கத்து வீடுகள், ஓரிரு கடைகள், ஓர் ஓட்டல். பறித்த காளான் குளிர்ப்பெட்டி இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. சேமிப்பில் பாதியைத் தொடாமல் வங்கியில் விட்டு வையுங்கள். இரண்டாம் ஆண்டு எது உங்கள் கைக்கு வருகிறதோ அதைப் பெரிதாக்க அந்தப் பணம் தேவைப்படும்.